மஞ்சள் கயிறு கட்டிய தொட்டில் கம்பு

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்ஸ் வீடுகளின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவில் எங்கள் கடைசல் பட்டறை இருந்தது. பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். எதிரெதிரே நட்ட இரண்டு கட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு இரும்பு முள். அவ்வளவுதான். இரண்டு முள்ளுக்கும் நடுவே மரத்தை நிறுத்தி, அதில் கயிற்றைச் சுற்றி, இரண்டு முனையையும் மாறி மாறி இழுத்தால் மரம் சுழலும். ரயில் பட்டறையில் வேலை முடித்து வந்து என் வீட்டுக்காரர் உளி பிடிப்பார். கயிறு இழுப்பது நான். எஞ்சினே நான்தான் என்று பீற்றிக்கொள்வேன். "அதான் வாயில எந்நேரமும் பொகை வருது" என்பார்.

கயிற்றைத் தொடுமுன் எனக்குச் சில சட்டங்கள் உண்டு. தாலியை ரவிக்கைக்குள் போட வேண்டும். முந்தானையை இடுப்பில் செருக வேண்டும். வாயை மூட வேண்டும். முதல் இரண்டும் எனக்குச் சுலபம்.

அவருக்கும் சட்டம் இருந்தது. மரத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவுவார். முள் முனையில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விடுவார். கையால் மரத்தை மெல்லச் சுற்றி, எங்கும் இடிக்கவில்லை என்று தெரிந்த பிறகே "இழு" என்பார்.

ஒருநாள் பக்கத்துக் கோட்டர்ஸ் அக்கா காய்ந்த பலாக்கிளை ஒன்றை முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்தார். அவருடைய மகளைக் கிள்ளானில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். முதல் பிள்ளை பிறந்து தங்கவில்லை. இப்போது மறுபடியும் நிறைமாதம்.

"தொட்டில் கம்பு வேணும்டி. தூளிச் சேலைய விரிச்சுப் பிடிக்கிற கம்பு. யாரு கேட்டாலும் சப்பாத்திக் கட்டைன்னு சொல்லு."

"பொறக்காத புள்ளைக்குத் தொட்டில் சாமான் செய்யக்கூடாதேக்கா?"

"அதான் மாரியாத்தாகிட்ட கேட்டு மஞ்சக்கயிறு கட்டிக் கொண்டாந்திருக்கேன். இது அவ காவல். தூளி கட்டுற அன்னைக்குத்தான் அவுக்கணும். மறந்துராத."

அன்றைக்கே அக்கா மகளுக்குத் துணையாகக் கிள்ளானுக்கு ரயிலேறிவிட்டார்.

வீட்டுக்காரர் கட்டையைப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டார். "சுத்துற மரத்துல நூலு, நாரு எதுவும் இருக்கக்கூடாது. அவுத்து சாமி படத்துல மாட்டு. வேலை முடிஞ்சதும் கட்டிக்கலாம்."

"அவுத்து, அந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா யாருங்க பதில் சொல்றது?"

"ஆத்தா மன்னிப்பா புள்ள. உளி மன்னிக்காது."

"என் தாலிய உள்ள தள்ளிக்கத்தானே சொல்றீங்க, கழட்டவா சொல்றீங்க? அதே மாதிரி இதையும் ஓரமாத் தள்ளி விடுங்களேன்."

அவர் சிரித்துவிட்டார். நான் ஜெயித்த வாய்ச்சண்டைகளில் அதையாவது தோற்றிருக்கலாம்.

மஞ்சள் கயிற்றை ஒரு முள் பக்கமாக ஒதுக்கி, அதன் நுனியைச் சுற்றுக்கு அடியில் செருகினார். நடுப்பகுதி கடைந்து முடியும்வரை ஒன்றும் ஆகவில்லை. மஞ்சள் கயிறு இருந்த ஓரத்துக்கு வந்தார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"பாத்தீங்களா, ஆத்தாவும் சிரிக்கிறா, உளியும் சிரிக்குது!"

அவர் என் பக்கம் திரும்பினார். செருகியிருந்த நுனி விடுபட்டுச் சாட்டை மாதிரி சுழன்று, அவர் ஆள்காட்டி விரலைச் சுற்றிக்கொண்டது. "விடு!" என்று கத்தினார். இழுத்துக்கொண்டிருந்த கயிற்றைக் கீழே போட்டேன். மரம் நின்றது. அதற்குள் மஞ்சள் கயிறு அவர் விரலை உளியின் கூர்ப்பக்கம் இழுத்து, தானும் அறுந்து கிடந்தது.

விரல் தப்பியது. ஆனால் பிறகு அது சரியாக மடங்கவே இல்லை. அவர் என்னை ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி ஆறியிருப்பேன்.

கட்டுப்போட்ட கையோடு மிச்சத்தைக் கடைந்து முடித்தார். நான் அறுந்த கயிற்றை அலசி, அறுந்த இடத்தை முடிந்து, புதிதாக மஞ்சள் பூசி, மறுபடியும் கம்பில் கட்டினேன். சட்டென்று பார்த்தால் பழைய கயிறு மாதிரியேதான் இருந்தது. அதுதான் என்னை வதைத்தது. கிள்ளான் ரயில் ஊதும்போதெல்லாம் என்ன சேதி வருமோ என்று வாசலுக்கு ஓடுவேன். அவர் விரலைக் கெடுத்த வாய், ஒரு பச்சைப்பிள்ளையின் காவலையும் கெடுத்துவிட்டதே!

பெண் குழந்தை, தாயும் சேயும் சுகம் என்று சேதி வந்தது. தூளி கட்டும் நாளில் கம்பை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் கிள்ளானுக்குப் போனோம். அக்காவிடம் சொல்லிவிடுவது என்று ரயிலிலேயே முடிவு செய்திருந்தேன். ஆனால் வீடு நிறையப் பெண்கள். அக்கா என் கையைப் பிடித்து நடுவில் நிறுத்தினார்.

"இத்தனை நாளும் காவல் காத்தவ இவதான். நீயே அவுத்துரும்மா."

"அக்கா, அது வந்து…"

"என்னடி, இன்னிக்கு மட்டும் வாயி எங்க போச்சு?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் குனிந்து முடிச்சைத் தொட்டேன். நான் போட்ட முடிச்சு, தொட்டதும் அவிழ்ந்தது. அக்கா அதைப் பார்த்தார். கயிற்றில் இருந்த இன்னொரு முடிச்சையும் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற என் வீட்டுக்காரரின் கட்டுப்போட்ட விரலைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. என் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டு போய், அவர் மணிக்கட்டில் கட்டினார்.

"புள்ளைக்கு வந்தத நீங்க வாங்கிக்கிட்டீங்க தம்பி. இனி இது உங்களுக்குக் காவல்."



அதற்குப் பிறகு கடைசலுக்கு உட்காரும்போதெல்லாம் அவர் முதலில் மணிக்கட்டை என் முன்னால் நீட்டுவார். நான் கயிற்றை அவிழ்த்து சாமி படத்தில் மாட்டிவிட்டு வருவேன். தாலியை உள்ளே போடுவேன். முந்தானையைச் செருகுவேன். அவர் "இழு" என்று சொல்லும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், நான் ஏதாவது சொல்லுவேன் என்று.

நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.