அம்மா குளிக்கிறாங்க

போர்த்தாலெஸ் பேட்டையில் மக்லோவியா அர்ரியாகா வேலை பார்த்த மருந்துக்கடைக்கு யாராவது போன் செய்தால், அவள் எடுத்து "ஹலோ" என்றதும் மறுமுனை சற்றுத் தயங்கும். பிறகு, "பாப்பா, கடையில பெரியவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்கும். மக்லோவியாவுக்கு அப்போது வயது முப்பத்தாறு. நல்ல உயரம், அகன்ற தோள். மேல் தட்டு மருந்தை ஏணி இல்லாமல் எடுத்துவிடுவாள். குரல் மட்டும் எட்டு வயதிலேயே நின்றுவிட்டது. தொண்டையைப் பார்த்த டாக்டர் குறை ஒன்றும் இல்லை என்றார். குறை இல்லை என்பதால் மருந்தும் இல்லை.

வீட்டில் அவளும் அம்மா தோஞா செல்சாவும் மட்டும். பேங்க்காரர்களும் கேபிள் விற்பவர்களும் போன் செய்து, "பாப்பா, அம்மா இருக்காங்களா?" என்பார்கள். பள்ளிக்கூட நாட்களில் ஒரு முறை விளையாட்டாக, "அம்மா குளிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டாள். அதே மேசையில் அவரை விதையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா, சத்தம் வெளியே வராமலிருக்க ஏப்ரனை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். அதிலிருந்து அதுவே பதிலாகிவிட்டது. முப்பது வயது தாண்டியும் மகள் அதையே சொன்னாள், அம்மாவும் அதற்கே சிரித்தாள். விடாமல் கேட்பவர்களும் உண்டு.

"நேத்தும் குளிக்கிறாங்கன்னு சொன்னியே பாப்பா?"

"எங்கம்மாவுக்குச் சுத்தம் ஜாஸ்திங்க."

டப்பிங் வேலைக்குப் போகச் சொன்னதும் அம்மாதான். தொலைக்காட்சியில் பொம்மைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. "அந்தக் குட்டிப் பயலுக்குப் பேசுறது உன்னை மாதிரி ஒரு பொம்பளையாம்டி. பேப்பர்ல போட்டிருக்கான். நீயும் போய்க் கேளு."

"கேட்டா சிரிப்பாங்கம்மா."

"இத்தனை வருஷமா உன் குரலுக்கு நாம ரெண்டு பேர் மட்டும்தான் சிரிச்சிருக்கோம். ஊரும் கொஞ்சம் சிரிக்கட்டுமே."

போகிறேன் என்று சொன்னாளே தவிரப் போகவில்லை. அடுத்த வருடம் அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்து போட்டார்கள். கடைசி மாதங்களில் அம்மா பெரும்பாலும் தூக்கத்தில்தான் இருந்தாள். பிப்ரவரியில் இறந்துபோனாள். அதற்குப் பிறகும் பேங்க்காரர்கள் போன் செய்தார்கள். "பாப்பா, அம்மா இருக்காங்களா?"

அப்போதுதான் மக்லோவியா குரலை மாற்றிக்கொண்டாள். தாடையை நெஞ்சில் அழுத்தி, அடிவயிற்றிலிருந்து கனமாகப் பேசப் பழகினாள். பெரிய மனுஷியிடம் யாரும் அம்மாவைக் கேட்கமாட்டார்கள் அல்லவா. மருந்துக்கடை முதலாளி தோன் எபிஃபானியோ இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். "மக்கோ, சளி பிடிச்ச கழுதை மாதிரி இருக்கு. இருமல் மருந்து விக்கிற கடையில இது நல்லாவா இருக்கு?" அவள் மாறவில்லை.

அந்தக் கனத்த குரலோடுதான் எங்கள் டப்பிங் ஸ்டூடியோவுக்கு வந்தாள். அம்மாவுக்குச் சொன்ன சொல் பாக்கி இருந்தது. நான் அங்கே ஆங்கில வசனங்களை ஸ்பானிய மொழியில் எழுதுகிறவள். வாய் அசைவோடு ஒட்டாத சொல்லைப் பதிவின்போதே மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் இயக்குநருக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி உண்டு. அதிகம் பேசத் தேவையில்லாத வேலை.

முதல் நாள் வரவேற்பில் இருந்த பெண் மக்லோவியாவை ஏற இறங்கப் பார்த்தாள். "நடிக்கத் தெரியுமா?"

"குரல் இருக்குங்க."

"குரல் என் நாய்க்கும்தான் இருக்கு. நடிக்கக் கத்துக்கிட்டு வாங்க."

மக்லோவியா கோபித்துக்கொள்ளவில்லை. பேட்டையின் கலை இல்லத்தில் சனிக்கிழமை நடிப்பு வகுப்பில் சேர்ந்தாள். பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு நடுவில் இவள் ஒருத்தி. முதல் பயிற்சி, வராத பஸ்ஸுக்காக ஒன்றும் பேசாமல் காத்திருப்பது. தினமும் செய்கிற காரியம்தானே என்று எழுந்து போய் நின்றாள். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றதும் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒரு வருடம் ஆயிற்று, பார்க்கிறவர்களை மறந்து பஸ்ஸை மட்டும் எதிர்பார்ப்பதற்கு.

மறுபடி வந்தபோது கூட்டக் குரல்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தொடக்கம் அதுதான். சந்தை, ரயில் நிலையம், ஆஸ்பத்திரி என்று படத்தில் ஜனங்கள் வரும் இடமெல்லாம் புதியவர்கள் பத்துப் பேர் ஒரே மைக்கைச் சுற்றி நடந்துகொண்டே எதையாவது பேச வேண்டும். இரைச்சல் கேட்க வேண்டும், ஒரு சொல்லும் தனியாகப் புரியக் கூடாது. வளையல் ஆகாது, சரசரக்கும் சட்டை ஆகாது, காலி வயிறும் ஆகாது. வயிறு இரைந்தால் மைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் வாசல் வண்டியில் தமால் என்ற சோளமாவுக் கொழுக்கட்டையை ரொட்டிக்குள் திணித்து வாங்கித் தின்றுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். நடைவழி பெஞ்சில் மக்லோவியா தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து எனக்குத் தருவாள். அம்மாவின் கதையை அந்த பெஞ்சில்தான் சொன்னாள்.

ஒருநாள் ஆஸ்பத்திரிக் காட்சி. பத்துப் பேரும் முனகிக்கொண்டு சுற்றி வந்தார்கள். நடுவில் மக்லோவியா, பழக்க தோஷத்தில், கணீரென்று, "அந்த மாத்திரை தீந்துபோச்சுங்க, நாளைக்கு வாங்க" என்றாள்.

பதிவு நின்றது. இயக்குநர் யூனுவென் கலார்சா எங்களில் பலரைவிட இளையவள். எப்போதும் அவசரத்தில் இருப்பவள். பேசும் பொத்தானை அழுத்தினாள். "யாருங்க அது? போரில் குண்டடி பட்டுக் கிடக்கிறான், அவனைப் போய் நாளைக்கு வரச் சொல்றது?"

உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். மக்லோவியாவும் தன்னை மறந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்தபோது யூனுவென் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"குழந்தையை உள்ள விட்டது யாரு?"

ஒலிப்பதிவாளர் ஹில்தார்தோ திரும்பாமலே சொன்னார். "குழந்தை இல்ல முதலாளியம்மா. அதோ அந்த நெட்டை."

பதிவு முடிந்ததும் யூனுவென் அவளை நிறுத்தினாள். "இந்தக் குரலை ஏன் ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

"கேக்கறவங்க சிரிப்பாங்க."

"நிஜக் குழந்தைங்க மதியத்துக்குள்ள களைச்சுப் போயிடுதுங்க. ராத்திரிக்குள்ள பல்லு விழுந்து குரல் மாறிடுதுங்க. நான் ஊரெல்லாம் தேடுற சரக்கை நீங்க கழுத்துக்குள்ள பூட்டி வெச்சுட்டு... புதன்கிழமை வாங்க."

புதன்கிழமை வேலை ஒரு புதிய தொடர். அதில் ரூத் என்று எட்டு வயதுச் சிறுமி. பெயருள்ள பாத்திரம், எல்லாப் பகுதிகளிலும் வருகிறவள். முதல் பகுதியின் பதிவை அன்று மாலைக்குள் தொடரின் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப வேண்டும். இல்லையென்றால் ரூத்தை வேறொரு ஸ்டூடியோவுக்குக் கொடுத்துவிடுவார்கள். மக்லோவியாவுக்கும் அது தெரியும். காலையில் இரண்டு ரொட்டி தின்றதாகச் சொன்னாள். ஒன்று பசிக்கு, இன்னொன்று பயத்துக்கு.

நடிக்கிறவர்களுக்கு முன்கூட்டி வசனம் தரும் வழக்கம் எங்களிடம் இல்லை. படம் துண்டு துண்டாக ஓடும். ஒரு துண்டை ஒரு முறை பார்ப்பார்கள், தாங்கியில் உள்ள தாளைப் படிப்பார்கள், சிவப்பு விளக்கு எரியும், பேசிவிடுவார்கள். கூடப் பேச ஆள் இருக்காது. மற்றவர்கள் வேறொரு நாளில் வந்து தங்கள் பங்கைப் பேசிவிட்டுப் போவார்கள். ஹெட்போனில் அன்னிய மொழி மட்டும் ஓடும். என்ன வருகிறது என்று முன்பே தெரிந்தவள் அந்த அறையில் நான் ஒருத்திதான்.

ரூத் ஓடினாள், அழுதாள், பூனையிடம் ரகசியம் சொன்னாள். எல்லாம் ஓரிரு தடவையிலேயே முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் யூனுவென், "அடுத்தது" என்றாள். எங்கள் இடத்தில் பாராட்டு அவ்வளவுதான்.

பிறகு அந்தத் துண்டு. ரூத்தின் அம்மா வீட்டைவிட்டுப் போய்விட்டாள். ஊருக்குத் தெரியாமல் இருக்க, ரூத் தலையணைகளைக் கட்டிலில் அடுக்கிப் போர்வை போர்த்தி வைத்திருக்கிறாள். போன் அடிக்கிறது. அம்மா எங்கே என்று ஒரு குரல் கேட்கிறது.

மக்லோவியா ஒரு முறை பார்த்தாள். தாளைப் பார்த்தாள். விளக்கு எரிந்தது.

"அம்மா குளிக்கிறாங்க. அப்புறமாப் பேசுங்க."

அவ்வளவு சரளமான பொய்யை நான் கேட்டதில்லை. ஹில்தார்தோ தலையாட்டினார். யூனுவென் மட்டும் தாளில் விரலை வைத்தாள். "மக்கோ, அருமை. ஆனா தூங்குறாங்கன்னு எழுதியிருக்கு."

"ஐயோ. மன்னிச்சுக்கங்க."

மறுபடி விளக்கு. "அம்மா தூங்குறாங்க." சொல் சரி. ஆனால் தாடை நெஞ்சுக்கு இறங்கிவிட்டது. பேசியது ரூத் இல்லை, மருந்துக்கடைக்காரி. இன்னொரு தடவை. இன்னும் கனம். நாலாவது தடவை "அம்மா" என்பதோடு நின்றுவிட்டது.

"பத்து நிமிஷம் காத்து வாங்கிட்டு வாங்க" என்றாள் யூனுவென். கதவு மூடியதும் என் பக்கம் திரும்பினாள். "அந்தச் சொல்லை மாத்த முடியாதா? குளிக்கிறாங்கன்னே வெச்சுக்கலாமே. வாய்க்கு ஒட்டுது."

"ஒட்டுது. ஆனா அடுத்த காட்சியில கட்டிலைக் காட்டுறாங்க."

யூனுவென் கடிகாரத்தைப் பார்த்தாள்.

மக்லோவியா பெஞ்சில் நீளமான கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளே சொன்னாள்.

"தூங்குறாங்கன்னு நான் ஒருநாளும் சொன்னதே இல்ல. கடைசியில எப்பவும் தூங்கிட்டேதான் கிடந்தாங்க. அப்பவும் போன் வந்தா குளிக்கிறாங்கன்னுதான் சொல்வேன், கொஞ்சம் சத்தமா. காதுல விழுந்தா ஒரு தடவை சிரிக்கட்டுமேன்னு. சில நாள் உதடு லேசா அசையும்."

"கடைசி நாளும் சொன்னீங்களா?"

"சொன்னேன். அசையல."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரூத்தை வேற யாருக்காச்சும் குடுத்துடச் சொல்லுங்க" என்றாள். நான் எழுந்தேன். உள்ளே போய், கேட்டதை நாலே வரியில் யூனுவெனிடம் சொன்னேன். அவள் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம், "நாமதானே அவளைத் தனியா நிக்க வெச்சிருக்கோம்" என்றாள். "கேக்க ஆளே இல்லாம யாருக்குப் பதில் சொல்லுவா?"

மக்லோவியா தாங்கிக்கு முன் வந்து நின்றாள், விடைபெற வந்தவள் மாதிரி. ஹெட்போனை மாட்டியதும் யூனுவென் பொத்தானை அழுத்தினாள். குரலில் எண்ணெய் வழிந்தது.

"ஹலோ, பாப்பா! நாங்க பேங்க்லேருந்து பேசறோம். அம்மா இருக்காங்களா?"

மக்லோவியா கண்ணாடி வழியாக எங்களை மாறி மாறிப் பார்த்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. யூனுவென் மேசையில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள், உண்மையான பேங்க்காரி போல.

"அம்மா... குளிக்கிறாங்க."

"நேத்தும் குளிச்சாங்களேம்மா?"

"எங்கம்மாவுக்குச் சுத்தம் ஜாஸ்திங்க." தாடை நெஞ்சிலிருந்து எழும்பியது.

"அதுக்காக வாரம் பூராவா? தண்ணி வரிக்கு என்ன பண்ணுவீங்க?"

"பேங்க்ல கடன் வாங்குவோம்."

ஹில்தார்தோ தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே படத்தை ஓட்டினார். திரையில் ரூத்தின் வீட்டுப் போன் அடித்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. பொத்தானிலிருந்து விரலை எடுக்கும் முன் யூனுவென் மெதுவாக, எண்ணெய் எதுவும் இல்லாமல் கேட்டாள். "இப்பவாச்சும் குளிச்சு முடிச்சாங்களாம்மா?"

மக்லோவியா திரையைப் பார்த்தாள். ரூத் போனை எடுத்தாள்.

"அம்மா தூங்குறாங்க" என்றாள் மக்லோவியா. எட்டு வயதின் குரல். பக்கத்தில் படுத்திருப்பவர் எழுந்துவிடக் கூடாதே என்று தணிந்த குரல். "அப்புறமாப் பேசுங்க."

ரூத்தின் உதடுகள் மூடியபோது அவளுடையதும் மூடின. சொல்லை மாற்ற நான் பென்சிலை எடுக்கவே இல்லை.

ஹில்தார்தோ தேவையில்லாமல் ஏதோ ஒரு பொத்தானைத் துடைத்தார். யூனுவென் பொத்தானை அழுத்தினாள்.

"அடுத்தது" என்றாள்.

மக்லோவியா தாளைப் புரட்டினாள்.

பதிவு மாலைக்குள் போனது. வெள்ளிக்கிழமை சம்மதம் வந்தது. அதைச் சொல்வதற்காக யூனுவென் என்னை மருந்துக்கடைக்கு அனுப்பினாள். எனக்கும் தலைவலி மாத்திரை வாங்க வேண்டியிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் மக்லோவியா கல்லாவுக்குப் பின்னால் குனிந்து, எதையோ தேடுவதுபோல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தாள். தோன் எபிஃபானியோ என்னிடம், "இனிமே கழுதைக் குரல் இல்லையே? அது போதும் எனக்கு" என்றார். ஆனாலும் அன்று அவர் என்னிடம் மாத்திரைக்குக் காசு வாங்கவில்லை.

போன் அடித்தது. மக்லோவியா எழுந்து எடுத்தாள். "ஹலோ."

மறுமுனை தயங்கியது. பிறகு ஏதோ கேட்டது. என்ன கேட்டிருக்கும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அவள் தாடையைத் தாழ்த்தவில்லை.

"இருக்காங்க. நான்தாங்க அந்தப் பெரியவங்க. என்ன மருந்து வேணும், சொல்லுங்க."