கடலுக்கு முதுகு காட்டிய காலை

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஆக்லாந்துக்கு வந்து எங்களுக்கு நாலைந்து வருடம் ஆகியிருந்தது. நகரத்தின் மேற்கு ஓரமான கிளென் ஈடனில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். ஊரில் சண்டைக்குள் ஓடித் திரிந்த கால்களுக்கு இங்கே சும்மா நடப்பதே பெரிய சந்தோஷமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் சோற்றைக் கட்டிக்கொண்டு மேற்குக் கடற்கரைப் பக்கம் நடக்கக் கிளம்பிவிடுவோம். மலை அப்படியே கடலுக்குள் இறங்குகிற இடம் அது. மேலே அடர்ந்த காடு, கீழே கறுப்பு மணல், இரண்டுக்கும் நடுவே பாறைச் சரிவை ஒட்டி ஒற்றையடிப் பாதை. ஒரு வருடத்துக்குள் அந்தப் பாதைகளில் பாதி எனக்கு அத்துப்படி. போதாக்குறைக்கு நான் யாழ்ப்பாணத்துக் கடற்கரையில் வளர்ந்தவன். கடலைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்று ஒரு நினைப்பு.

என் மனைவியின் அப்பாவும் எங்களோடு நடக்க வருவார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். எழுபது வயதில் விசா கிடைத்து வந்தவர். மகனின் பழைய சப்பாத்துக்குள் இரண்டு சோடி காலுறை போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடப்பார். கார் நிறுத்துமிடத்தில் ஓர் எச்சரிக்கைப் பலகை உண்டு. ஒருநாள் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். “கடலுக்கு முதுகு காட்ட வேண்டாம்” என்று தமிழில் சொன்னேன். “மரியாதை எதிர்பாக்கிற கடல் போல கிடக்கு” என்று சொல்லிச் சிரித்தார். இரண்டு குளிர்காலத்தைத் தாங்கிய மனிதர், மூன்றாவது தொடங்குவதற்குள் மாரடைப்பில் போய்விட்டார்.

தகனம் முடிந்து சாம்பலை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துத் தந்தார்கள். அதைக் கடலில் கரைக்க வேண்டும். காரியத்தைச் செய்து வைக்க அந்த நாளில் எங்களுக்கு ஐயர் கிடைக்கவில்லை. கொழும்பில் இருந்த பெரியப்பா ஒருவர் தொலைபேசியில் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். மண்பானையில் சாம்பலைப் போட்டு வெள்ளைத் துணியால் வாயைக் கட்ட வேண்டும். மகன் கடலுக்கு முதுகு காட்டி நின்று, தோளுக்கு மேலால் பானையைப் பின்னுக்கு விட வேண்டும். விட்ட பிறகு திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். கடைசி வரியைப் பெரியப்பா இரண்டு தரம் சொன்னார். நானும் அடியில் கோடு போட்டு வைத்தேன்.

மண்பானைக்கு எங்கே போவது? தோட்டச் சாமான் விற்கிற கடையில் பூச்சட்டி ஒன்று வாங்கி, அடியில் இருந்த ஓட்டையைக் கோதுமை மாவைப் பிசைந்து அடைத்தேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். இடத்தையும் நான்தான் தேர்ந்தெடுத்தேன். துறைமுகப் பக்கம் அமைதியான தண்ணீர் இருக்கிறது, அங்கே போகலாம் என்று மனைவி சொன்னாள். மாமாவுக்குப் பிடித்த இடம் மேற்குக் கடல்தான் என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

இங்கே குளிர் தொடங்குகிற மே மாதத்து ஞாயிறு, காலை ஒன்பது மணி இருக்கும். நானும் மச்சானும் மட்டும் போனோம். மச்சான் என்றால் மாமாவின் ஒரே மகன், நகரத்துக்குள் எப்சம் பக்கம் இருந்தவன். குளிருக்கு மேலே தடித்த ஜாக்கெட், கீழே வேட்டி. எச்சரிக்கைப் பலகையைக் கடந்துதான் இறங்கினோம். கடலுக்கு முதுகு காட்டாதே என்கிறது பலகை. முதுகு காட்டி நில் என்கிறது என் பைக்குள் இருந்த தாள். இரண்டையும் நான்தான் வாசித்தேன், ஒன்றுக்கொன்று முரணாக இருப்பது என் மரமண்டைக்கு உறைக்கவேயில்லை!

பாதை முடியும் இடத்தில் மேசை போல ஒரு பாறைத் தட்டு. ஓரத்தில் கடல் பெரிதாக ஆர்ப்பாட்டம் இல்லாமல்தான் கிடந்தது. சற்றுத் தள்ளி ஓர் ஆள் பாறையில் சிப்பி பிடுங்கிக்கொண்டிருந்தார். நல்ல ஆகிருதி, ஐம்பது வயது இருக்கலாம், இந்த நாட்டின் பூர்வகுடியான மாவோரி இனத்தவர். பின்னால் மேட்டில் ஒரு சாக்கு. எங்களைப் பார்த்துத் தலையசைத்தார், நாங்களும் அசைத்தோம். பாறை ஈரமாக இருப்பதைப் பார்த்து மச்சான் தயங்கினான்.

“அத்தான், இவ்வளவு கிட்டப் போக வேணுமே?”

“ஓம், பானை பாறையில விழுந்து உடையக் கூடாது. நான் முன்னால நிக்கிறன், பயப்பிடாதை.”

அவன் விளிம்பில் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டான். பிறகு பானையைத் தோளுக்கு மேலால் விட்டான். தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. இருவரும் கரையைப் பார்த்து நடக்கத் தொடங்கினோம்.

அப்போதுதான் அந்த ஆள் கத்தினார். ஒரு தரம் அல்ல, மூன்று நாலு தரம். மச்சானின் கழுத்து அந்தப் பக்கம் திரும்பப் பார்த்தது.

“திரும்பிப் பாக்காதை, நட!” என்றேன்.

அவன் திரும்பியிருந்தால் எழும்பி வந்த அலையைக் கண்டிருப்பான். நான் சொன்னதைக் கேட்டு, நல்ல பிள்ளையாக நேரே பார்த்துக்கொண்டு நடந்தான். அடுத்த நொடி யாரோ பின்னாலிருந்து கதவைப் பெயர்த்து என் முதுகில் அடித்தது போல இருந்தது. விழுந்தேன். காது, மூக்கு, வாய் எல்லாம் உப்புத் தண்ணீர். ஒரு பாறைக் கூரில் என் தோள் முட்டி நின்றது. வந்த தண்ணீர் திரும்பி ஓடத் தொடங்கியபோது மச்சான் என்னைக் கடந்து கடல் பக்கமாக வழுக்கிக்கொண்டு போனான். அவன் கண்கள் என்னைத்தான் பார்த்தன. எட்டிப் பிடித்தேன். வேட்டித் தலைப்பு கையில் அகப்பட்டது. இறுக்கிப் பிடித்தேன். வேட்டி முழுதாகக் கழன்று என் கைக்கு வந்துவிட்டது. ஆள் இல்லை.

நனைந்த வேட்டியைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். வீட்டுக்குப் போய் மனைவிக்கு என்ன சொல்லப்போகிறேன் என்ற ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. அப்பாவைக் கரைக்கப் போன இடத்தில் தம்பியையும் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

பிறகுதான் கண்டேன். அந்த ஆள் விளிம்பில் குப்புறக் கிடந்தார். ஒரு கையைப் பாறை வெடிப்புக்குள் செருகியிருந்தார். மறு கையில் மச்சானின் ஜாக்கெட் காலர். நான் தவழ்ந்து போய் அவன் கையைப் பிடித்தேன். அடுத்த அலை வருவதற்குள் அவனை மேலே இழுத்து, மூவருமாகத் தட்டின் உயரமான பக்கத்துக்கு ஓடினோம். மச்சான் உப்புத் தண்ணீரை வாந்தி எடுத்தான். முழங்கால் இரண்டும் கிழிந்து இரத்தம் ஓடியது. ஆனால் உயிர் இருந்தது.

அந்த ஆளின் வெடிப்புக்குள் இருந்த கையும் உரிந்திருந்தது. மூச்சு வந்ததும் எங்களை வாங்கு வாங்கென்று வாங்கினார். அவ்வளவு கத்தியும் ஏன் திரும்பவில்லை, காது கேட்காதா என்றார். என் குறை ஆங்கிலத்தில் எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். பானையில் என்ன இருந்தது என்று கேட்டார். “இவனுடைய அப்பா” என்றேன்.

அவர் தலையில் இருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றினார். பிறகு எழுந்துபோய்த் தன் சாக்கை எடுத்தார். விடியற்காலையிலிருந்து பிடுங்கிய சிப்பி, சாக்கு நிறைய இருந்தது. அலையை நன்றாகக் கவனித்துக்கொண்டு ஓரத்துக்குப் போய், அத்தனையையும் கடலுக்குள் கவிழ்த்துவிட்டு வந்தார்.

எனக்கு விளங்கவில்லை. ஏன் என்று கேட்டேன். அவர் குரலில் கோபம் இல்லை. அன்று மத்தியானம் அவருடைய தாயின் பிறந்தநாள் விருந்தாம், அதற்காகப் பிடுங்கியதாம். தங்கள் ஆட்கள் சாப்பாடு எடுக்கிற தண்ணீரில் இறந்தவரைக் கரைக்கமாட்டார்கள் என்றார். இனிக் கொஞ்சக் காலத்துக்கு இந்தப் பாறையில் யாரும் எடுக்கக் கூடாது, வீட்டில் சொல்ல வேண்டும் என்றார். அலை அடித்தபோது வராத அதிர்ச்சி எனக்கு அப்போது வந்தது. மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“உங்களுக்குத் தெரியாது. இப்போது தெரியும்” என்றார்.

திரும்புகிற பாதையில் ஒரு சிற்றோடை குறுக்கே வரும். அவர் குனிந்து கையைக் கழுவி, தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டார். சாவுக் காரியம் முடித்து வருகிறவர்கள் தலை நனைப்பது எங்கள் வழக்கமும்தான். நானும் மச்சானும் பக்கத்தில் குந்தியிருந்து தலையை நனைத்தோம். கார் நிறுத்துமிடத்தில் அவர் வெறும் சாக்கை மடித்து வண்டிக்குள் போட்டுவிட்டுப் போய்விட்டார். பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. பதறிப்போயிருந்தோம் என்று சொல்லலாம், ஆனால் கேட்காதது கேட்காததுதான்.

மச்சான் இன்று மூன்று பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா. முழங்காலைத் தடவிக்கொண்டு, “அத்தான் என்னையும் சேர்த்துக் கரைக்கப் பாத்தவர்” என்று கூட்டத்தில் என் மானத்தை வாங்குவான். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் அந்த வெறும் சாக்கு ஞாபகம் வரும். ஒரு மகனை எங்களுக்குத் திருப்பித் தந்துவிட்டு, தன் தாயிடம் வெறுங்கையோடு போன மனிதர் அவர். அன்று பாறையில் ஏறுவதற்கு முன் பக்கத்தில் நின்ற அவரிடம் ஒரு வார்த்தை “இங்கே செய்யலாமா?” என்று கேட்டிருந்தால் எல்லாம் வேறாக இருந்திருக்கும். இத்தனை வருடத்துக்குப் பிறகும், எந்த இடத்தில் காலை வைத்தாலும் முதலில் அதைத்தான் கேட்கிறேன்.