கொள்ளுப் பானையில் வைத்த செண்ட்

வேர்க்கடலையைச் செஞ்சிப் பக்கத்தில் மல்லாட்டை என்பார்கள். நான் கல்யாணமாகிப் போனது மல்லாட்டை மண்டி வைத்திருந்த வீடு. முன்பக்கம் மண்டி, பின்பக்கம் குடித்தனம், நடுவில் ஒரு கதவு. கதவை மூடலாம், வாசனையை மூட முடியாது. சாக்குத் தூசி, காய்ந்த தோல், மழை பட்டால் ஒரு புளித்த நெடி. புடவையைத் துவைத்து வெயிலில் போட்டு எடுத்தால் அதிலும் மல்லாட்டை. சோற்றில், தலையணையில், என் தலைமயிரில் எல்லாம் அதுதான். அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபது வயதுகூட ஆகவில்லை, மூச்சு முட்டும்.

வெளியே போய் வருவதுதானே என்றால், எங்கே போவது? பண்டிகை வந்தால் மாமியாரோடு மேல்சித்தாமூர் கோயிலுக்கு வண்டி கட்டிக்கொண்டு ஒரு நடை. மற்ற நாளெல்லாம் கிணற்றடி, அடுப்படி, சாமான் அறை. சாமான் அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதன் கம்பி வழியாகச் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையில் ஒரு துண்டு தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் எந்தெந்த ஊரிலிருந்தோ புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்தவர்கள் எறும்பு மாதிரி அதில் ஏறுவார்கள். இவ்வளவு பக்கத்தில் இருந்த நான் அந்த மலையில் ஒரு படி ஏறியதில்லை. மருமகள் மலை ஏறி என்ன செய்யப் போகிறாள் என்பது அந்த வீட்டின் நினைப்பு.

என் கணவர் பாண்டிச்சேரியில் ஒரு மருந்துக்கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தார். ஒரே பிள்ளை. மண்டியில் உட்காரப் பிடிக்காமல் அடம்பிடித்துப் போன வேலை. சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வருவார், திங்கட்கிழமை விடிகிறபோது போய்விடுவார். பெண் பார்க்க வந்தபோதே, அங்கே வீடு பார்த்துக் கூட்டிப் போய்விடுவேன் என்று என் நைனாவிடம், அதாவது அப்பாவிடம், சொல்லியிருந்தார். தாலி ஏறியதும் மாமியார் அதை ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"மருமவ வந்தது இந்த வூட்டுக்கு. அந்தக் குடிகார ஊருக்கு இல்ல."

அப்போது எங்கள் பக்கம் மதுவிலக்கு. பாண்டிச்சேரியில் அது கிடையாது. எங்கள் ஜைன வீடுகளிலோ கள், மாமிசம், தேன் மூன்றையும் தொடுவதில்லை என்பது விரதம். ஆகவே மாமியாருக்குப் பாண்டிச்சேரி என்றால் கடற்கரையில் கட்டிய ஒரு பெரிய சாராயக்கடை, அவ்வளவுதான். எனக்கோ அந்த ஊரில் ஒரு ஒண்டுக்குடித்தனம் கிடைத்தால் போதும். ஒரு அறை, ஒரு அடுப்பு, கடல் பக்கமிருந்து வருகிற காற்று. ராத்திரி பகல் என்று இல்லாமல் அந்த ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செண்ட் செய்கிற பைத்தியம் கொசுவால் வந்தது. கொசுவுக்குத் தடவச் சொல்லி என் கணவர் மருந்துக்கடையிலிருந்து எலுமிச்சம்புல் தைலம் ஒரு சின்ன பாட்டில் கொண்டுவந்தார். மூடியைத் திறந்து கையில் ஒரு சொட்டு விட்டேன். அந்த வீட்டுக்குள் வந்த பிறகு முதல்முறையாக மல்லாட்டை இல்லாத ஒரு இடம் கிடைத்தது, என் மணிக்கட்டில். அழுகையே வந்துவிட்டது. அடுத்த வாரம் சந்தனத் தைலம் கேட்டேன். அப்புறம் வெட்டிவேர்த் தைலம், கிராம்புத் தைலம், கடைக்காரர் சீமையிலிருந்து வரவழைத்த லாவண்டர் எண்ணெய். பழைய இங்க் பில்லர் ஒன்றால் சொட்டுச் சொட்டாக எடுத்துக் கலப்பேன். கிராம்பு ஒரு சொட்டு கூடினால் பல்வலி மருந்து வாசனை வந்துவிடும். வெட்டிவேர் கூடினால் குடிதண்ணீர்ப் பானை. சந்தனம்தான் எல்லாவற்றையும் பிடித்து உட்கார வைக்கும்.

முதலில் தேங்காயெண்ணெயில் கலந்தேன். வாசனை வருவதற்குப் பதிலாகப் புடவையில் கறைதான் வந்தது. கடைக் கம்பவுண்டரைக் கேட்டுவிட்டு வந்து இவர் சொன்னார், செண்டுக்கு ஸ்பிரிட் வேண்டுமாம். ஸ்பிரிட்டில் கலந்து, இறுக மூடி, வெளிச்சம் படாத இடத்தில் ஒரு மாதம் வைத்துவிட வேண்டுமாம். உடனே முகர்ந்தால் ஸ்பிரிட் நெடிதான் மூக்கில் ஏறும். நாளாக ஆக நெடி அடங்கி வாசனை மேலே வரும்.

"கொண்டாங்களேன்" என்றேன்.

"பஸ்ல போலீஸ்காரன் பையைத் தடவுவான். மருந்துக்கடை சரக்குன்னா நம்புவானா?" என்றார். பயந்த சுபாவம் அவருக்கு. ஆனாலும் மார்கழியில் ஒரு சனிக்கிழமை கொண்டுவந்துவிட்டார். போலீஸ்காரன் கண்ணில் படாமல் தப்பித்த பாட்டில், கார்க்கு சரியில்லாமல் பைக்குள்ளேயே ஒழுகிவிட்டது. துண்டு, சட்டை, பை எல்லாம் நனைந்துபோயின. மிச்சம் கால் பாட்டில். ஜைனர்கள் இருட்டிய பிறகு சாப்பிடுவதில்லை. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற வீடு அது, எல்லாரும் சாப்பாட்டு அவசரத்தில் இருந்தார்கள். சாமான் அறையில் நின்று நான் மிச்ச ஸ்பிரிட்டில் தைலங்களைக் கலந்து மூடிவிட்டேன். பையை ஆணியில் மாட்டிவிட்டு இவர் தூங்கப் போய்விட்டார்.

விடிந்ததும் மாமனார் அந்தப் பக்கம் போனார். மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே இருக்கிற மல்லாட்டை சொத்தையா நல்லதா என்று சொல்கிற மூக்கு அவருடையது. யார் பேச்சையும் நம்பமாட்டார், மூக்கை மட்டும் நம்புவார். பையை எடுத்து முகர்ந்தார். எங்கள் வீட்டில் எவரும் சாராயத்தைக் கிட்டத்தில் பார்த்ததுகூட இல்லை. சந்தேகம் தீர மண்டியில் மூட்டை தூக்குகிற ஆளைக் கூப்பிட்டுப் பையை நீட்டினார். அந்த ஆள் கண்ணை மூடிக்கொண்டு இழுத்து முகர்ந்தான்.

"சரக்குதாங்க. நல்ல சரக்கு" என்றான், கொஞ்சம் ஏக்கமாக.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை ஆகிவிட்டது. ஓடிப்போய்ச் செண்ட் பாட்டிலை எடுத்துவந்து, "அத்தே, இதுக்காகத்தான் கொண்டாந்தாரு, நான்தான் கேட்டேன்" என்று திறந்து காட்டினேன். முந்தின நாள் கலந்தது. நெடி குப்பென்று அடித்தது, அதற்குப் பின்னால் லேசாகச் சந்தனம்.

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பாத்தீங்களா? நாத்தம் தெரியக் கூடாதுன்னு செண்ட் ஊத்தி வச்சிருக்கான். இவ பாவம், புருசன வுட்டுக்குடுக்காம பேசறா. முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்க முடியுமாம்மா?"

சொன்ன நிஜம் அத்தனையும் எனக்குப் பதிவிரதைப் பட்டம் வாங்கிக் கொடுத்ததே தவிர அவருக்கு உதவவில்லை. இவரும் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். மாமனார் காதில் ஏறவில்லை. கடைசியில் தீர்ப்புச் சொன்னார்.

"குடிகாரன நான் கல்லாவுல உக்கார வைக்க மாட்டன். பாண்டிச்சேரியிலயே இருக்கட்டும். தனியா இருந்தாத்தான் இந்தப் புத்தி வருது. தை அறுப்பு முடியட்டும், மாசியில இவளையும் கூட்டிட்டுப் போவட்டும். பொண்டாட்டி பக்கத்துல இருந்தா கை அடங்கும்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன், முகத்தில் சந்தோஷம் தெரிந்துவிடப் போகிறதே என்று. கிணற்றடியில் தனியாக இருந்தபோது இவர் சிரித்தார். "பழி எனக்கு, பாண்டிச்சேரி உனக்கு. போ, நல்லதாப் போச்சு." பாட்டிலைக் கொட்டச் சொல்லி மாமியார் உத்தரவு. நான் கொட்டவில்லை. சாமான் அறையில் இருந்த கொள்ளுப் பானைக்குள் புதைத்து வைத்துவிட்டேன். மாசி எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டே அரிசி களைந்தேன், மாவு அரைத்தேன். மல்லாட்டை வாசனைகூட அந்த நாட்களில் அவ்வளவாக உறைக்கவில்லை.

ஆனால் மாமனார் விரதக்காரர். குடித்தவனோடு ஒரு பந்தியில் உட்கார மாட்டேன் என்றுவிட்டார். சனிக்கிழமை இவர் வந்தால், இலை பின்கட்டில் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் விழும். நான்தான் பரிமாற வேண்டும். முதல் வாரம் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். அடுத்த வாரம் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் பஸ் லேட்டாகி இருட்டிவிட்டால், சாப்பாடு போய்விட்டதே என்று ஒரு நிம்மதி அவர் முகத்தில் தெரிய ஆரம்பித்தது. பட்டினியாகப் படுத்துக்கொள்வார். தன் நைனாவோடு பேச்சு இல்லை. குழம்பு கொண்டு போனால் என் முகத்தைப் பார்க்க மாட்டார். "இன்னொரு தரம் சொல்லிப் பாக்கட்டுமா?" என்று கேட்டால், "மாசி வரட்டும்" என்பார்.

தை பாதியில் ஒரு சனிக்கிழமை நைனாவுக்கென்று ஒரு பை ஆரஞ்சுப்பழம் வாங்கி வந்தார். மாமனாருக்கு அது உயிர். முன்னால் கொண்டுபோய் வைத்தார். மாமனார் பழத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "மாட்டுக்குப் போடும்மா" என்றார்.

நான் அசையவில்லை. இவரே பையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். மாடு தோலோடு தின்னும். ஆனாலும் இவர் உட்கார்ந்து ஒவ்வொரு பழமாக உரித்து, சுளையைக் கையில் வைத்து மாட்டுக்கு ஊட்டினார். நைனாவுக்கு உரித்துக் கொடுக்கிற மாதிரியே, நாரெல்லாம் எடுத்துவிட்டு. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

கொள்ளுப் பானையில் கையை விட்டேன். தெரிந்தேதான் விட்டேன். இவர் குடிக்கவில்லை என்று ஆகிவிட்டால் என்னை அனுப்புகிற காரணமும் போய்விடும் என்பது எனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் ஒரு நப்பாசை. பெரியவர் வாக்குக் கொடுத்திருக்கிறார், மாறமாட்டார், இரண்டும் கிடைக்கும் என்று மனசு எனக்குச் சாதகமாகவே கணக்குப் போட்டது.

பாட்டிலைத் துடைத்து மாமனார் முன்னால் நீட்டினேன். "மாமா, அன்னிக்கிக் காட்டின அதே பாட்டில். உங்க மூக்கு சொல்லட்டும்."

மூடியைத் திறந்தார். நெடி இல்லை. கம்பவுண்டர் சொன்னது பொய்யில்லை, இருட்டில் அடைந்து கிடந்து அது வேறு ஒன்றாக ஆகியிருந்தது. முதலில் எலுமிச்சம்புல் வந்தது, லாவண்டர் மெதுவாகத் தொட்டுவிட்டுப் போனது, அப்புறம் சந்தனமும் வெட்டிவேரும் சேர்ந்து நின்றன. மண்டிக் கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் அந்தக் கூடத்தில் மல்லாட்டை தோற்றுப்போய்விட்டது. எனக்கே நம்பமுடியாத பெருமை. மாமனார் ஒரு சொட்டைப் புறங்கையில் தேய்த்து முகர்ந்தார், கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் முகர்ந்தார்.

"சாராயம் எங்கம்மா போச்சு?"

"உள்ளதான் இருக்குது மாமா. இருட்டுல மூடி வச்சா அடங்கிடும். வெளிச்சம் பட்டாத்தான் கெட்டுப்போவும்."

மாமனார் எழுந்து நேராகக் கொட்டகைக்குப் போனார். "டேய், எந்திரி. நாந்தான் தப்பா நெனச்சிட்டன்" என்று பிள்ளையின் தோளைப் பிடித்துக் கூட்டிவந்தார். பொழுது சாய இன்னும் கொஞ்சம் இருந்தது. கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இலை போடச் சொன்னார். நான் பரிமாறினேன். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அது பொய்யில்லை.

மோர் ஊற்றும்போது மாமனார் சொன்னார், "எம் புள்ள தங்கம். அப்ப இவ எதுக்குக் காவலுக்குப் போவணும்? உங்க அம்மா ஒண்டியா அடுப்புல கெடப்பா. இவ இங்கயே இருக்கட்டும்."

நான் இவரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை, நைனா நீங்க வாக்குக் கொடுத்தீங்களே என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவர் மோர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். எத்தனையோ வாரம் கழித்து அப்பாவோடு உட்கார்ந்த மனுஷன்.

"சரி நைனா" என்றார்.

அந்த "சரி"க்காக அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரம் லேசில் தீரவில்லை. தீர்ந்ததாகவும் சொல்லமாட்டேன். திங்கட்கிழமை விடியலில், செண்ட் தெளித்த கைக்குட்டையோடு அவர் பஸ் ஏறிப் போனார்.

மாமனாருக்கு என்மேல் அன்றிலிருந்து தனிப் பிரியம். மண்டிக்கு வருகிறவர்களிடமெல்லாம் புறங்கையை நீட்டி, "மோந்து பாரு, எம் மருமவ செஞ்சது" என்பார். பாண்டிச்சேரியிலிருந்து தைலம் வேண்டுமட்டும் வாங்கி வரச் சொல்லி மகனுக்கு உத்தரவு. ஒரு நாள் காலையில் தச்சரைக் கூட்டிக்கொண்டு சாமான் அறைக்கே வந்துவிட்டார்.

"பாட்டில் வைக்க உனக்கு அலமாரி அடிக்கச் சொல்லியிருக்கன்மா. நீதான சொன்ன, வெளிச்சம் ஆவாதுன்னு. அதான் ஜன்னலுக்கும் பலகை போட்டு மூடச் சொல்லிட்டன்."

முகமெல்லாம் சிரிப்பு அவருக்கு. தச்சர் பலகையைத் தூக்கிக் கம்பிமேல் வைத்து அளவு பார்த்தார். மலையில் பாதி மறைந்தது. "ஆணி கொஞ்சம் எடுத்துக் குடும்மா" என்றார். தகர டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாக நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.