டேனியலின் பியானோவும் ஃபர்னஸ் நேரமும்

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்கிற தொழிலில் ஒரு பெரிய வசதி உண்டு. எது கெட்டுப்போனாலும் "வைரஸ்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். பியானோ சத்தம் சரியில்லை என்று ஒருவர் வந்து நின்றால் மட்டும் அந்தப் பருப்பு வேகாது. இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்களில் கும்மிடிப்பூண்டி பஜாரில் கடை போட்டிருந்த எனக்கு அப்படி ஒருவர் வந்து வாய்த்தார். வீட்டுக் கம்ப்யூட்டரில் மிடி ஃபைலைப் போட்டு நல்ல பியானோ கேட்டுவிடலாம் என்று நம்பி, அப்புறம் தலையைப் பிய்த்துக்கொண்ட என் இனத்தவர்களே, இது உங்களுக்காகத்தான். மற்றவர்கள் சிரிக்கலாம், நாம் சிரிக்க முடியாது.

குச்சி ஐஸ் வண்டி

வந்தவர் பெயர் டேனியல். தொழிற்பேட்டையில் ஒரு ரோலிங் மில்லில் வேலை, ஞாயிற்றுக்கிழமை சபையில் கீபோர்டு. மில்லில் நடந்த விபத்தில் இடது கையில் மூன்று விரல் போய்விட்டது. அவருடைய ஒரே தங்கை கிரேஸ், வேலூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணம் நிச்சயமானதும் அண்ணனுக்குப் போன் போட்டு ஒரு நிபந்தனை வைத்துவிட்டாள். சின்ன வயதில் அவளுக்கென்று அவர் போட்ட மெட்டு ஒன்று உண்டு. அதை அண்ணன் வாசித்தால்தான் சபைக் கோயில் வாசலிலிருந்து உள்ளே நடந்து வருவாளாம். வலது கையால் மட்டும் வாசித்தால் ஆகாதா என்று கேட்டேன். "ஒத்தக் கையில வாசிச்சா எல்லாரும் என் கையத்தான் சார் பாத்துகினு இருப்பாங்க, பாட்ட எவன் கேப்பான்?" என்றார்.

அவரே ஒரு வழி யோசித்து வைத்திருந்தார். சபையின் பழைய கீபோர்டில் சத்தம் போய்விட்டது, கட்டைகள் மட்டும் வேலை செய்யும். அதைக் கம்ப்யூட்டரில் இணைத்து, முதலில் வலது கைக்கு உரியதை வாசித்துப் பதிய வேண்டியது. பிறகு இடது கைக்கு உரியதையும் அதே வலது கையாலேயே தனியாக வாசித்துப் பதிந்து, இரண்டையும் சேர்த்துவிட வேண்டியது. எந்தக் கட்டையை எப்போது எவ்வளவு அழுத்தினோம் என்ற விவரம் மட்டும்தான் மிடி ஃபைலில் இருக்கும். சத்தத்தைக் கம்ப்யூட்டர்தான் கொடுக்க வேண்டும். இதென்ன பிரமாதம் என்று நினைத்துக்கொண்டு, ஜாய்ஸ்டிக் சொருகும் இடத்தில் கேபிளைச் சொருகி நான்கு வரி வாசிக்கச் சொன்னேன். மதர்போர்டோடு இலவசமாக ஒட்டிக்கொண்டு வரும் பியானோ வாயைத் திறந்தது. டேனியல் முகம் செத்துப்போயிற்று.

"இன்னா சார், குச்சி ஐஸ் வண்டி வர்ற மாதிரி கீது? என் தங்கச்சி இதுக்கா நடந்து வரணும்?"

ஃப்ளாப்பியில் போன பியானோ

சென்னை ரிச்சி தெருவில் ஒரு பகல் முழுக்க அலைந்து நல்ல சவுண்டு கார்டு ஒன்று பிடித்து வந்தேன். நிஜப் பியானோவின் ஒவ்வொரு கட்டையையும் தட்டிப் பதிந்து, மொத்தத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பார்கள். அதற்கு சவுண்ட் ஃபாண்ட் என்று பெயர். அந்த மூட்டையைக் கார்டில் ஏற்றுவதற்குள் கம்ப்யூட்டர் மூச்சு முட்டித் தவித்துவிடும், ஆனால் ஏறிவிட்டால் கடைக்குள் பெரிய பியானோ வந்து உட்கார்ந்துவிடும். மெட்டின் முதல் பாதியை டேனியல் என் கடையிலேயே பதிந்தார். திருப்பிப் போட்டபோது எதிர்க் கடை மளிகைக்காரர் தராசை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.

மறுநாள் நான் ஊத்துக்கோட்டையில் ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்குப் போயிருந்தேன். டேனியலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மிடி ஃபைலை ஃப்ளாப்பியில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பாடகர் குழுவுக்குப் போட்டுக்காட்டச் சபை ஆபீசுக்குப் போய்விட்டார். அங்கேயும் நான் விற்ற கம்ப்யூட்டர்தான், ஆனால் அதில் இலவசச் சவுண்டு. குழு முழுவதும் கூடி நிற்க, குச்சி ஐஸ் வண்டி மறுபடியும் வந்தது. விவரம் மட்டும்தான் ஃப்ளாப்பியில் போகும், பியானோ கடையிலேயே தங்கிவிடும் என்பதை அந்த மனுஷனுக்கு யார் சொல்வது? கல்யாணத்தன்றும் இப்படித்தான் ஆகும் என்று அவர்கள் முடிவே கட்டிவிட்டார்கள். மறுநாள் குழுத் தலைவி எஸ்தர் அக்கா நேராக என் கடைக்கு வந்தார்.

"நேத்து அந்தப் புள்ள அவமானத்துல குனிஞ்ச தல நிமுரல சார், நீங்க சரி பண்ணித் தரலன்னா அது இனிமே கோயில் படி ஏறாது!"

கழற்றாத உறை

நல்ல கார்டை டேனியல் வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டிவிடுவது என்று முடிவாயிற்று. கல்யாணத்தன்று அந்தக் கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு போய்விடலாம். வீடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், தொழிற்பேட்டையை ஒட்டினாற்போல. மாட்டினேன், மூட்டையை ஏற்றினேன், வாசிக்கச் சொன்னேன். கடையில் கணீரென்று கேட்ட பியானோ, அங்கே கம்பளிக்குள் முகம் புதைத்துக்கொண்டு பாடியது. வேறு சவுண்ட் ஃபாண்ட் போட்டேன். எதிரொலியைக் குறைத்தேன், கூட்டினேன். கார்டைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினேன். வியர்த்துக் கொட்டியது. "விட்டுடுங்க சார், எனக்கு அவ்ளோதான்" என்று டேனியல் எழுந்து போய் வாசலில் உட்கார்ந்துவிட்டார். அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அவர் மனைவி ரூத் டீ வைக்க வந்தவர், ஸ்பீக்கர் மேல் போட்டிருந்த பூப்போட்ட துணியை எடுத்து உதறினார். அடியில் ஸ்பீக்கர் இரண்டும் வாங்கிய நாளில் வந்த பாலித்தீன் உறையிலேயே இருந்தன. வாய்ப்பகுதியில் செலோ டேப் வேறு. ஆலைக் கரி படியும் அந்தத் தெருவில் புது டி.வி., புது மிக்சி எல்லாமே உறையோடுதான் குடித்தனம் நடத்தும். அவ்வளவு நேரமும் அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டேதான் நான் கார்டைக் குடைந்துகொண்டிருந்தேன். டேப்பைக் கிழித்ததும் பியானோ வெளியே வந்தது. டேனியல் வாசலிலிருந்து ஓடி வந்தார். ரூத்துக்குத்தான் மனசே இல்லை.

"பாட்டு கேட்டு முடிச்சதும் திரும்ப மாட்டிடுங்க சார், கரி பூந்துச்சின்னா யாரு தொடைக்கறது?"

மில்லு ஓடுது

கை நன்றாக இருந்த காலத்திலும் டேனியலுடைய இடது கை தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால்தான் வருமாம். கிரேஸ் அதைச் சொல்லியே அவரை ஓட்டுவாளாம். அந்தப் பயத்தில், முழு மெட்டையும் பதிந்து முடித்ததும் யாரையும் கேட்காமல் ஒரு பட்டனை அமுக்கிவிட்டார். முன்னே பின்னே விழும் சுரங்களையெல்லாம் இழுத்துத் தாளத்தில் நேராக நிறுத்துகிற பட்டன் அது. அழுத்தத்தையும் எல்லாச் சுரத்துக்கும் ஒரே அளவாக வைத்துவிட்டார். தப்பு என்று ஒன்று அதில் இல்லை. ஆனால் கேட்கக் கேட்க எனக்குக் கொட்டாவி வந்தது.

அவரிடம் அதை எப்படிச் சொல்வது என்று நான் விழித்துக்கொண்டிருந்தேன். இனி மறுபடி வாசித்துப் பதிய நாள் இருக்கிறதா என்ற கவலை வேறு. அடுப்படியிலிருந்த ரூத் எனக்கு அந்தச் சிரமத்தை வைக்கவில்லை.

"இன்னா இது, நீ வாசிக்கற மாதிரியே இல்ல, மில்லு ஓடற மாதிரி கீது, தூக்கிப் போட்டுட்டு ஒயுங்கா வாசி!"

நல்ல நேரம்

டேனியல் அந்தப் பட்டன் பக்கமே போகாமல் முழு மெட்டையும் மறுபடி வாசித்துப் பதிந்தார். இதையெல்லாம் ரெக்கார்டு செய்து சி.டி.யில் போட்டுவிட்டால் தீர்ந்ததே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நானும் கேட்டேன். அந்தச் சபையில் கல்யாணப் பெண் நடந்து வரும்போது, பெரியம்மா சித்தி வகையறாவில் யாராவது நடுவழியில் நிறுத்தி, கன்னத்தைத் தடவி நெட்டி முறிக்காமல் விட மாட்டார்கள். சி.டி. அதற்கெல்லாம் காத்திருக்காது, பெண் பாதி வழியில் நிற்கும்போதே முடிந்துவிடும். மிடி என்றால் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேகத்தை மௌசால் இழுத்துக் குறைக்கலாம், சுருதி மாறாது. அதாவது, அன்றைக்கும் டேனியல் தன் கையால் வாசிக்கலாம். அதற்காகத்தான் அவர் சி.டி.யைத் தொட மறுத்தார்.

ஆனால் கோயிலில் வைத்து ஒத்திகை பார்த்தபோது ஃபேன் சட்டென்று தளர்ந்தது, லைட் மங்கியது, கம்ப்யூட்டர் அணைந்தது. பக்கத்து உருக்காலையில் ஃபர்னஸை, ஊர்க் கரண்டையெல்லாம் உறிஞ்சுகிற அந்த மின்சார உலையை, ஏற்றிவிட்டார்கள். யு.பி.எஸ். கொண்டுவருகிறேன் என்றேன். டேனியலுக்கு அது போதவில்லை. மதியம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஃபர்னஸ் ஓடாது, அதற்குள் பெண் உள்ளே வந்துவிட வேண்டும், கல்யாண நேரத்தை மாற்றுங்கள் என்று பாஸ்டரிடம் போய் நின்றார். பாஸ்டர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நல்ல நேரம் பாக்காதீங்கன்னு வாராவாரம் பிரசங்கம் பண்றவன் நானு, என்னையே ஃபர்னஸ் நேரம் பாத்துத் தாலி எடுத்துத் தரச் சொல்றீங்களே!"

வாசலில் நின்றவள்

சொன்னாரே தவிர, நேரத்தை மாற்றிக் கொடுத்தார். கல்யாணத்தன்று கம்ப்யூட்டரைப் பீடத்துக்குப் பக்கவாட்டில் ஒரு மேசையில் வைத்தோம். பழவேற்காட்டிலிருந்து மைக் செட் கொண்டுவந்திருந்த பாஷா பாய் தன் ஸ்பீக்கர் பெட்டிகளில் இணைத்துக் கொடுத்தார். அவருடைய பெட்டிகளில் உறை இருக்கிறதா என்று நான் தடவிப் பார்த்ததை அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஷிஃப்ட் மாறுகிற சங்கு கேட்டது. பெண்ணைக் காணோம். ரயில்வே கேட் போட்டிருக்கிறார்கள், கூட்ஸ் வண்டி நிற்கிறது என்று யாரோ வந்து சொன்னார்கள். டேனியல் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்க்கவில்லை, தலைக்கு மேல் சுற்றும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கார் சத்தம் கேட்டு எல்லோரும் எழுந்து நின்றார்கள். கிரேஸ் வாசலில் கால் வைத்தாள். ஃபேன் தளர்ந்தது. முதல் நாள் பூராவும் லோ வோல்டேஜில் சார்ஜ் ஏறாத என் யு.பி.எஸ். ஒரு முறை கத்திவிட்டுக் கம்ப்யூட்டரோடு சேர்ந்து அணைந்தது.

கரண்ட் உடனே சீரானது. ஆனால் கம்ப்யூட்டர் எழுந்திருக்க வேண்டும், ஒழுங்காக அணைக்கவில்லை என்று நீலத் திரையில் நம்மையே திட்டிவிட்டு டிஸ்க்கைப் பரிசோதிக்க வேண்டும், அதற்கப்புறம் பியானோ மூட்டையை ஏற்ற வேண்டும். நான் பவர் பட்டனை அமுக்கினேன். பாஸ்டர் கண்ணைக் காட்ட, பாஷா பாய் தன்னிடமிருந்த ஏதோ வயலின் சி.டி.யைப் போட்டார். கிரேஸ் நகரவில்லை. தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினாள். அப்பா ஸ்தானத்தில் கையைப் பிடித்து நின்ற மாமா மெல்ல இழுத்துப் பார்த்தார், அவள் அசையவில்லை. பாஷா பாய் வயலினை நிறுத்தினார். கோயிலில் ஒரு குழந்தை அழுவதைத் தவிர வேறு சத்தம் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் பக்கம் முணுமுணுப்பு கிளம்பியது. டேனியல் இடது கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, "ஏறுதா சார், ஏறுதா சார்" என்று என் காதருகில் கேட்டுக்கொண்டே இருந்தார். ஏறியது.

முதல் சுரம் விழுந்ததும் கிரேஸ் நடக்க ஆரம்பித்தாள். பாதி வழியில், எதிர்பார்த்தபடியே ஒரு பெரியம்மா வழிமறித்துக் கன்னத்தைத் தடவினார். டேனியல் மௌசை இழுத்தார். பியானோ அவளுக்காக அங்கேயே தயங்கி நின்றது, அவள் கிளம்பியதும் கூடவே கிளம்பியது. அவள் மாப்பிள்ளை பக்கத்தில் வந்து நிற்கவும் மெட்டு முடியவும் சரியாக இருந்தது. கூட்டத்தில் ஒருவர்கூட டேனியல் கையைப் பார்க்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க மேசைக்கு அடியில் குனிந்து சும்மா ஒரு ஒயரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தாலி கட்டி முடித்து வெளியே வந்த கிரேஸ், மாலையோடு நேராக அண்ணனிடம் வந்தாள். பாக்கெட்டில் இருந்த அவருடைய இடது கையை அவளே வெளியே எடுத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கை நல்லா இருந்தப்ப கூட ஒன் எடது கை இவ்ளோ ஒயுங்கா வாசிச்சதே இல்லயேண்ணா!"

ஆக, வீட்டுக் கம்ப்யூட்டரில் நல்ல பியானோ கேட்க வேண்டுமென்றால் ஒரு சவுண்டு கார்டு, சார்ஜ் ஏறிய யு.பி.எஸ்., உறை கழற்றிய ஸ்பீக்கர், வாசலிலேயே நின்று அடம்பிடிக்க ஒரு தங்கை ஆகியவை தேவை, இதில் கடைசிச் சாமான் மட்டும் என் கடையில் ஸ்டாக் கிடையாது.