புளி போட்டுத் தேய்த்த வரலாறு

மெல்பேர்னின் தென்கிழக்கில் உள்ள ஒரு தனியார் கிராமர் ஸ்கூலின் வாசலில் பித்தளைத் தகடு ஒன்று உண்டு. 1861இல் நிறுவப்பட்டது என்று அதில் வெட்டியிருக்கிறது. நிறம் கறுத்து, ஓரங்களில் பச்சை படிந்து, பார்த்தவுடன் மரியாதை வரும்படி இருந்தது. மரியாதை பெரும்பாலும் அழுக்கின் கனத்தைப் பொறுத்தே வருகிறது.

தவம் அங்கே ஒன்பது வருடமாகத் துப்புரவு வேலை பார்க்கிறார். அகதியாகப் படகில் வந்தவர். நோபல் பார்க்கில் வாடகை வீடு, இன்னமும் தற்காலிக விசா. அடுத்த விண்ணப்பத்துக்கு வேலைக் கடிதம் வேண்டும். அவரை வேலைக்கு வைத்திருக்கும் ஒப்பந்தக்காரருக்குப் பள்ளியிலிருந்து ஒரு புகார் போனால் வேலையும் இல்லை, கடிதமும் இல்லை. வன்னியில் அவர் படித்த பள்ளி போருக்குள் ஐந்து தடவை இடம் மாறியது. கூரை போனது, கரும்பலகை போனது, பாடம் மட்டும் நிற்கவில்லை. அதற்கு யாரும் ஆண்டுவிழா எடுக்கவில்லை.

இங்கே எடுத்தார்கள். ‘இடையறாத நூற்று அறுபத்தைந்து ஆண்டுகள்’ என்று அழைப்பிதழ். விழாக் குழுவில் பெரிய குரல் சேஷாத்ரியுடையது. சென்னையிலிருந்து வந்த மென்பொருள் மேலாளர். மகன்கள் பிறந்த வாரமே பள்ளியின் காத்திருப்போர் பட்டியலில் பெயர் போட்டவர். தான் படித்த பள்ளியைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். இதைத்தான் ‘நம்ம ஸ்கூல்’ என்பார்.

விழாவுக்கு எட்டு நாள் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை, தவம் வீட்டிலிருந்து பழப்புளி கொண்டுபோனார். திருவிழா வந்தால் குத்துவிளக்கை மினுக்க வேண்டும் என்பது அவர் வளர்ந்த ஒழுங்கு. யாரும் சொல்லாமலே, புளியும் உப்பும் போட்டு இரண்டு மணி நேரம் தேய்த்தார். தகடு நேற்றுக் கடையில் வாங்கியதுபோல் மின்னியது.

சேஷாத்ரி வந்து பார்த்தார்.

“என்ன காரியம் பண்ணிட்டீங்க தவம்? இன்விடேஷன்ல இதோட படம்தான் போட்டிருக்கோம்.”

“ஊத்தையாக் கிடந்தது, சேர்.”

“அது ஊத்தை இல்ல, ஹெரிடேஜ். உங்களை இங்க வச்சுக்கறதா வேண்டாமான்னு பிரின்சிபாலே முடிவு பண்ணட்டும்.”

தவம் தகட்டின் கீழ் மூலையைத் துணியால் தொட்டுக் காட்டினார்.

“அப்ப இதையும் அவருக்குக் காட்டுங்கோ. தேய்க்கேக்க வந்தது.”

தகடு செய்த பட்டறையின் பெயரும் 1934 என்ற ஆண்டும் அங்கே சிறிய எழுத்தில் இருந்தன.

இதை வீரம் என்று சொல்ல மாட்டேன். பயந்த மனிதர் கைக்கு எட்டியதைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவே. ஆனால் தொண்ணூறு ஆண்டுகளில் அந்தத் தகட்டைக் கடைசி எழுத்துவரை பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

இதில் மர்மமும் இல்லை. 1861இல் ஒரு பாதிரியார் பதினொரு பையன்களோடு கம்பளிக் கிடங்கொன்றில் பள்ளியைத் தொடங்கியது உண்மை. 1893இல் வங்கிகள் விழுந்தபோது அதுவும் விழுந்தது. நாற்பத்தொரு ஆண்டுகள் அந்தக் கட்டடத்தில் சப்பாத்துத் தைத்தார்கள். பிறகு ஒரு ஜாம் வியாபாரி இடத்தையும் பெயரையும் சேர்த்து வாங்கி, புதிதாகப் பள்ளி திறந்து, பழைய ஆண்டைப் போட்டுத் தகடு மாட்டினார். பள்ளி அச்சிட்ட வரலாற்று நூல் அந்த இடைவெளியை ‘அமைதியான ஆண்டுகள்’ என்று ஒரே வரியில் தாண்டுகிறது.

திங்கட்கிழமை பள்ளி அதிபர் தவத்தைக் கூப்பிட்டார். வேலையை நிறுத்தினால் ஒப்பந்தக்காரருக்குக் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் 1934உம் கோப்பில் ஏறும். ஆகவே வேலை தொடரும், சனிக்கிழமைக்குள் தகடு பழையதாகிவிட வேண்டும் என்றார்.

தவம் கறுப்புச் சப்பாத்துப் பொலிஷ் பூசினார். கீழ் மூலைக்கு மட்டும் மூன்று பூச்சு. விழாவன்று சேஷாத்ரி மகன்களைத் தகட்டோடு சாய்த்து நிறுத்திப் படம் எடுத்தார். சின்னவனின் வெள்ளைச் சட்டைத் தோளில் வரலாறு கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

வேலைக் கடிதம் அடுத்த மாதம் வந்தது. தவத்தின் கடமைகளில் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது: பள்ளித் தவணைக்கு ஒருமுறை, மரபுப் பராமரிப்பு.