நேர்ச்சைச் சேவலின் கழுத்து இறகு

மீனை ஏமாற்றிப் பிழைக்கிறவர்கள் நடுவில் பிறந்து வளர்ந்தவன் நான். ஆனால் அதற்கென்று தேக்கில் ஒரு பெட்டி செய்து, அதற்குள் அறை அறையாகத் தடுத்து, ஒவ்வோர் அறையிலும் ஒருவகை இறகை வைத்திருந்த மனிதர் ஒருவரைத்தான் கண்டிருக்கிறேன். அவர் எங்கள் அலுவலகத்து இன்ஜினியர். தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டிக்கொண்டிருந்த எழுபதுகளின் தொடக்கம் அது. எத்தனை லாரி கல் வந்தது என்று டைப் அடிக்கும் தற்காலிகக் குமாஸ்தா நான்.

இன்ஜினியர் அதற்கு முன் நீலகிரியில் அணை வேலையில் இருந்தவர். அங்கே ஓடைத் தண்ணீரில் டிரவுட் என்றொரு மீனாம். அது பூச்சி தின்னுமாம். ஆகவே இவர் தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி செய்வாராம். மீன் அதை நம்பி வாயைத் திறக்குமாம். குளிரில் அந்த மீனுக்குப் புத்தி மங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பெட்டியைத் திறந்தால் மேசை விளிம்பில் திருகி மாட்டுகிற விரல் நீள வைஸ் ஒன்று இருக்கும். அதன் வாயில் முள்ளைக் கொடுத்து முடுக்க வேண்டும். இறகின் நுனியைக் கவ்வ ஒரு கிளிப், நூலைச் சுற்ற ஒரு பாபின், முடிச்சை இறுக்க ஒரு வளைந்த கம்பி. அப்புறம் தேன்மெழுகு, வார்னிஷ், வெள்ளி ஜரிகை, மயில் தோகை, முயல் ரோமம். எங்கள் பக்கம் பிள்ளைக்குக் காது குத்தக்கூட இவ்வளவு ஏற்பாடு கிடையாது. எந்தப் பூச்சிக்கு எந்த இறகு, எத்தனை சுற்று என்று படம் போட்ட புத்தகமும் உண்டு. பூச்சிகளுக்குப் பெயர் வேறு. ஒன்று கவர்னர், ஒன்று டாக்டர், ஒன்று கோச்சு வண்டிக்காரன்.

கிழிந்த வலையைப் பொத்திப் பழகிய என் விரல்களை எப்போதோ கவனித்துவிட்டார். அதிலிருந்து வேலை முடிந்த பிறகு அவர் குவார்ட்டர்ஸுக்குப் போய் கவர்னருக்கு வால் கட்டுவது என் பொறுப்பாயிற்று. போகாமல் இருக்க முடியாது. தற்காலிகத்திலிருந்து நிரந்தரமாக யார் பெயர் போக வேண்டும் என்று எழுதுகிறவர் அவர்தான்.

என் அப்பா தூண்டில்காரர். சீலா மீனுக்குப் போகும்போது பழைய நைலான் கயிற்றைப் பிரித்து வெள்ளை இழையாக்கி, சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளோடு சேர்த்து முள்ளில் வைத்துப் பல்லால் இழுத்து இறுக்குவார். முடிந்தது. வள்ளம் ஓட ஓட அது பின்னால் மினுங்கிக்கொண்டு வரும், சீலா பாய்ந்து கடிக்கும். நான் கட்டிய டாக்டரை ஒருநாள் அவரிடம் காட்டினேன். உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, இதற்கு ஜோடி எங்கே, ஒற்றைக் காதுக்கா செய்தாய் என்று கேட்டார்.

இன்ஜினியர் மீன் பிடிக்கத் தேர்ந்தெடுத்தது ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஆட்கள் யாரும் அன்று கடலில் இறங்குவதில்லை. ஆகவே மாதா கோயிலில் பூசை முடிந்து வருகிற அத்தனை பேருக்கும் கல் அணைமேல் அவர் நிற்பது ஓசி வேடிக்கை. மெல்லிய கம்பைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசுவார். காற்று நூலைக் கொண்டுபோய் அவர் தொப்பியிலோ என் சட்டையிலோ மாட்டும். அதை எடுப்பதும் என் வேலை. ஒரேயொரு முறை ஒரு கெளுத்தி மாட்டியது. வாயில் அல்ல, விலாவில். அந்த வழியாகப் போனதைத் தவிர அது ஒரு குற்றமும் செய்யவில்லை. அவர் அதை டயரியில் எழுதி வைத்தார்.

அந்த ஆண்டு மழைக்காலம் முடிந்து பெட்டியைத் திறந்தபோது உள்ளே தூள்தான் இருந்தது. பூச்சி செய்ய வைத்திருந்த இறகையெல்லாம் பூச்சி தின்றுவிட்டது. நான் சிரிப்பை அடக்கத் தும்மினேன். அவருக்கோ அழுகை வராத குறை. சேவலின் கழுத்து இறகு வேண்டும் என்றார். நீளமாக, ஒடுக்கமாக, செம்பு நிறத்தில், விரைப்பாக இருக்க வேண்டும். இளஞ்சேவல் இறகு தண்ணீரில் துவண்டுவிடுமாம். இரண்டு வயதாவது ஆன சேவலாக இருக்க வேண்டுமாம்.

கறிக்கடையில் கேட்டுப் பார்த்தேன். இரண்டு வயதுவரை சேவலை யார் விட்டுவைக்கிறார்கள் என்று சிரித்தார்கள். இறகு கிடைத்ததா என்று கேட்ட இன்ஜினியர், நிரந்தரப் பட்டியலை இந்த வாரம் அனுப்பப்போகிறேன் என்றும் சொன்னார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதால் எனக்கு விளங்கிவிட்டது.

இரண்டு வயதுச் சேவல் எங்கள் வீட்டிலேயே இருந்தது. அது அக்காவின் நேர்ச்சைச் சேவல். அத்தானுக்குக் கொழும்புக்குப் போகும் தோணியில் வேலை. அக்கா பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். முதல் இரண்டும் தங்கவில்லை. இரண்டாவது போன பிறகு ஒரு குஞ்சின் காலில் சிவப்பு நூல் கட்டி, அடுத்தது நல்லபடியாகப் பிறந்தால் இதை உனக்குக் கொண்டுவருகிறேன் என்று கடற்கரையில் குகைபோல் கட்டிய கெபியில் இருக்கும் புனிதருக்கு நேர்ந்துவிட்டாள். நேர்ந்ததை யாரும் தொடக்கூடாது. ஒரு குறையும் இல்லாமல் கொண்டுபோய் ஒப்புவிக்க வேண்டும். அதனால் அது தெருவில் ராஜா மாதிரித் திரிந்தது. அடுப்படிவரை வந்து அரிசியைக் கொத்தினாலும் விரட்ட ஆள் கிடையாது. வெயிலில் நின்றால் கழுத்து செம்புக் கம்பியாக மின்னும்.

நான் அப்போது பகுத்தறிவுக்காரன். துண்டுப் பிரசுரம் நாலு படித்திருந்தேன். சேவலைக் கொடுத்துப் பிள்ளை வாங்குகிற வியாபாரம் எனக்குக் கேலியாக இருந்தது, அக்காவிடமே சொல்லியும் இருக்கிறேன். அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு போய்விடுவாள்.

அவள் ஆஸ்பத்திரிக்குச் சோதனைக்குப் போயிருந்த ஒரு காலையில் சேவலைப் பிடித்தேன். யாரும் விரட்டிப் பழகாததால் அது ஓடவில்லை. உடுத்துகிற பழைய சாரத்தில் சுற்றி மடியில் இடுக்கிக்கொண்டு கழுத்து இறகை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். நாலைந்து போதும் என்றுதான் உட்கார்ந்தேன். பட்டியல் நினைவுக்கு வர வரக் கை நிற்கவில்லை. விட்டபோது கழுத்து சிவந்து, தோல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. அது இரண்டு எட்டு நடந்து, நின்று, உடம்பை உதறிக்கொண்டது.

இன்ஜினியர் ஓர் இறகை வெளிச்சத்தில் பிடித்து, சீமையில்கூட இப்படிக் கிடைக்காது என்றார். அன்றே ஒரு கோச்சு வண்டிக்காரனைக் கட்டினோம். ஞாயிற்றுக்கிழமை முதல் வீச்சிலேயே அது கல்லிடுக்கில் சிக்கி அறுந்துபோயிற்று. என் பெயர் பட்டியலில் போயிற்று. அந்த உத்தியோகத்தில்தான் தலை நரைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

சேவலின் கழுத்தைக் கண்ட அன்று அம்மா தெருவுக்கே கேட்கும்படி என்னைத் திட்டினாள். அக்கா சேவலைத் தூக்கி மடியில் வைத்து, மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்து அதன் கழுத்தில் தடவினாள். இறகு திரும்ப முளைக்கும் என்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

பத்தே நாளில், குறித்த தேதிக்கு முன்பே, வலி வந்துவிட்டது. காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனவளுக்கு நண்பகல் தாண்டியும் பிள்ளை பிறக்கவில்லை. பிள்ளை திரும்பிக் கிடக்கிறது என்று நர்ஸ் சொன்னாள். பகுத்தறிவுக்காரன் என்ன செய்தான் என்கிறீர்கள்? வெயிலில் தெருத் தெருவாக ஓடி, குறையில்லாத சேவல் இருக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்டான். கிடைக்கவில்லை. கெபிக்குப் போய்ச் சுடுமணலில் முட்டி போட்டு, தப்பு என்னுடையது, அவளுடையதில்லை என்று வாய்விட்டுச் சொன்னான்.

திரும்பி வந்தபோது பெண் பிள்ளை பிறந்திருந்தது. தாயும் பிள்ளையும் நலம் என்றார்கள்.

பயம் போன பிறகு என் பகுத்தறிவு மெதுவாகத் திரும்பி வந்தது. ஞானஸ்நானம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று புதுச் சட்டையும் நிரந்தர உத்தியோகமுமாக அக்கா முன்னால் போய் நின்றேன். பிள்ளை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. இப்போது என்ன ஆகிவிட்டது, இறகு போனதால் பிள்ளைக்கு ஏதாவது குறை வந்ததா என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன். கெபியில் முட்டி போட்டதை அவளிடம் சொல்லவில்லை.

சேவலைப் பிடுங்கிய நாளுக்குப் பிறகு அன்றுதான் அவள் என்னிடம் பேசினாள்.

"பிள்ளைக்கி ஒண்ணும் ஆவல, சரிதாம்லே. நீ எறகப் புடுங்கும்போது ஒண்ணும் ஆவாதுன்னு ஒனக்குத் தெரியுமா?"