எண்பத்தைந்தும் இடது ஓரமும்

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டாய்: "அப்பா, ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கு மாறப் போறேன். மொதல்ல எந்த லென்ஸ் வாங்கட்டும்?" நான் பேசாமல் இருந்தேன். இரண்டு தடவை "ஹலோ, ஹலோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். சிக்னல் இல்லை என்று நினைத்திருப்பாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன் தம்பிக்கும் படிக்கக் கொடு.

நான் பதினைந்து வருஷம் சின்ன சென்சார் கேமராவில்தான் கல்யாணம் எடுத்தேன். நம் பக்கத்து மண்டபங்கள் உனக்குத் தெரியும். விடியற்காலை முகூர்த்தம், இரண்டு டியூப் லைட், ஹோமப் புகை. படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக அடிக்கும். அதற்காகத்தான் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் வாங்கினேன். கேமரா வாங்கியது போக, கையில் ஒரே ஒரு லென்ஸுக்குத்தான் வழி இருந்தது.

தஞ்சாவூரில் நான் வழக்கமாக வாங்கும் கடைக்காரர் அன்றைக்கே சொன்னார். "அண்ணே, எதை வித்தாலும் எனக்கு ஒண்ணுதான். ஆனா கல்யாணத்துக்குப் போறவரு மொதல்ல இருபத்திநாலு எழுபது ஜூம எடுங்க. கூட்டமும் வரும், முகமும் வரும். எண்பத்தஞ்சு எங்கயும் ஓடிப் போயிடாது."

எனக்கு எண்பத்தைந்து மேல்தான் கண். அது ஜூம் ஆகாத லென்ஸ். ஒரு முகத்தை மட்டும் பளிச்சென்று பிடித்துக்கொண்டு, பின்னால் இருப்பதையெல்லாம் வெண்ணெய் மாதிரி கரைத்துவிடும். நடவு முடிந்து பச்சை கட்டிய வயலில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் நிறுத்தி எடுத்தால் சினிமா மாதிரி வரும். அப்போது எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள்.

உங்கள் அம்மாவிடம் கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன். "அவரே அப்புறம் வாங்கிக்கலாங்கறாரு. ஒங்களுக்கு என்ன அவசரம்?" என்றாள்.

"குரூப் போட்டோவ யாருடி பாக்குறா இந்தக் காலத்துல?"

"நான் பாப்பேன். யார் வீட்டு ஆல்பத்தப் பிரிச்சாலும் குரூப்பத்தான் மொதல்ல தேடுவேன். நம்ம எங்க நிக்கிறோம்னு."

சிரித்துவிட்டு எண்பத்தைந்தை வாங்கி வந்தேன். குரூப்புக்குப் பழைய கேமராவின் லென்ஸ் இருக்கிறதே, சமாளித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

அதில் ஒரு சங்கடம் உண்டு. டார்ச்சைச் சுவரில் அடித்தால் வட்டமாக வெளிச்சம் விழுகிறது அல்லவா, லென்ஸும் உள்ளே அப்படித்தான் விழ வைக்கிறது. பழைய லென்ஸின் வட்டம் சின்னது. சின்ன சென்சாருக்குப் போதும். பெரிய சென்சாருக்குப் போதாது, நாலு மூலையும் கறுத்துவிடும். இதற்காகவே கேமராவில் ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் நடுப்பகுதியை மட்டும் எடுக்கும், கறுப்பு வராது. நான் அதைப் போடவில்லை. ஃபுல் ஃபிரேம் வாங்கிவிட்டு அதில் பாதியை மூடி வைப்பதா என்ற வீம்பு. மூலை கறுத்தால் பிறகு கம்ப்யூட்டரில் வெட்டிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

புது லென்ஸோடு நான் போன இரண்டாவது கல்யாணம் திருவையாற்றில். பெண் நர்ஸ். அப்பா இல்லை. அம்மா வயல் வேலைக்குப் போய்ப் படிக்க வைத்த பெண். நடவுக்கும் களைக்கும் ஊர்ப் பெண்களைத் திரட்டிக் கூட்டிப் போகிறவர் அந்த அம்மா, அதட்டலான குரல். மண்டபத்தில் அந்தக் குரலையே காணோம். தாரை வார்த்ததெல்லாம் மாமாவும் அத்தையும். இவர் அரக்குப் புடவையில் தூணோரமாகவே நின்றார். புருஷன் இல்லாதவர்கள் மேடை ஏறக்கூடாது என்று யாரும் அவரிடம் சொன்ன மாதிரி தெரியவில்லை. யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

என்னைச் சாப்பிட்டீர்களா என்று கேட்டது அன்றைக்கு அவர் ஒருவர்தான். "தம்பி, கடைசிப் பந்தின்னா ஒங்களுக்கு வெறும் ரசந்தான் மிஞ்சும். இப்பவே போங்க. பொண்ணு எங்கயும் ஓடிப் போயிடாது, நான் பாத்துக்குறேன்."

சாப்பிட்டுவிட்டு வந்து, பழைய லென்ஸை மாட்டிக் குரூப் எடுத்தேன். மேடையில் இருபது இருபத்தைந்து பேர். "மாமா, வயித்த உள்ள இழுங்க," என்றான் ஒரு பையன். "எங்கடா இழுக்குறது, இப்பத்தான பாயசம் போச்சு!" ஒரே சிரிப்பு. அந்த அம்மா மேடை ஏறவில்லை. படியின் கீழே, இடது ஓரத்தில், மகளைப் பார்த்தபடி நின்றிருந்தார். கேமரா வழியாக எனக்குத் தெரிந்தது. சரியாக அந்தக் கறுத்த மூலையில். ஒரு கணம் விரல் நின்றது. எப்படியும் அந்த மூலையை வெட்டத்தானே போகிறோம் என்று தோன்றியது. அமுக்கிவிட்டேன்.

ஆல்பத்தில் அதை வெட்டித்தான் போட்டேன். வெட்டியதற்குப் பிறகும் அரக்குப் புடவையின் ஒரு துண்டு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் வழக்கம்போல நம் ஸ்டுடியோ பெயரைத் தங்க எழுத்தில் வைத்தேன். படம் சுத்தமாகிவிட்டது.

பத்து மாதம் கழித்து அந்தப் பெண் ஸ்டுடியோவுக்கு வந்தாள். கழுத்தில் தாலியைத் தவிர ஒன்றும் இல்லை. அம்மா நெஞ்சு வலி என்று உட்கார்ந்தாராம், அவ்வளவுதான். பதினாறாம் நாள் காரியத்தன்று படத்திறப்பு. வீட்டில் ஒரு நல்ல படம் இல்லை.

"ஆல்பத்துல தேடிட்டேண்ணே. இல்ல. ஒங்ககிட்ட எல்லாமும் இருக்கும்ல?"

இருந்தது. ஆயிரத்துச் சொச்சம் படம். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எண்பத்தைந்தில் எடுத்தவற்றில் அவள் முகம் கண்ணாடி மாதிரி இருந்தது. இமை முடியைக்கூட எண்ணலாம். தோளுக்குப் பின்னால் அரக்கு நிறத்தில் ஒரு கரைசல். "இது அம்மா," என்றாள். அடுத்த படத்தில், "இதுவும் அம்மா." பதினோரு படத்தில் அப்படி விரலை வைத்தாள். பதினொன்றிலும் நிறம் இருந்தது, முகம் இல்லை.

கடைசியில் வெட்டாத குரூப் படத்தைத் திறந்தேன். மூலையில் வெளிச்சத்தை ஏற்றினேன். பாதி முகம் சாம்பல் மாதிரி எழுந்தது. மீதியை அந்தக் கறுப்பு வட்டம் தின்றிருந்தது.

அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எனக்கு ஆறுதல் சொன்னாள். "அம்மா எப்பவுமே இப்பிடித்தாண்ணே, ஒதுங்கித்தான் நிப்பாங்க. நீங்க என்ன பண்ணுவீங்க?"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். உன்னிடம் சொல்ல இத்தனை வருஷம் கூசியது அதைத்தான். லென்ஸைச் சொல்லியிருக்கலாம், வெட்டியதைச் சொல்லியிருக்கலாம். செத்துப்போன மனுஷி மேல் பழியை வைத்துவிட்டுத் தலையாட்டினேன்.

லேபில் ஏ.ஐ. வைத்துச் சரி பண்ணித் தருகிறோம் என்றார்கள். வந்தது ஒரு முகம். வழவழவென்று, வெயிலே படாத கன்னம், வரிசைப் பல். அவள் பார்த்துவிட்டு, "இது யாருண்ணே?" என்றாள். கடைசியில் ஆதார் கார்டு போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டேன். பிடித்து வைத்த கோழி மாதிரி விழித்துக்கொண்டிருந்தார். என்னைச் சாப்பிடப் போகச் சொன்ன முகம் அது இல்லை.

படத்திறப்புக்குப் போனேன். திரையை விலக்கி மாலை போட்டார்கள். அந்த அம்மாவோடு நடவுக்குப் போகிற பெண்களெல்லாம் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் படத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா இப்பிடியா இருப்பா? அடிப் பாவி, அவ சிரிச்சா வரப்பு தாண்டிக் கேக்குமேடி," என்று அழுதாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

பந்தல் காலடியில் அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "அம்மா மேல தப்பு இல்லம்மா. எங்கிட்ட சரியான லென்ஸ் இல்ல. மூலை கறுக்கும்னு தெரிஞ்சுதான் எடுத்தேன். அம்மா அங்க நிக்கிறதப் பாத்துட்டுத்தான் எடுத்தேன். ஆல்பத்துல வெட்டுனதும் நான்தான்."

கோபப்படுவாள் என்று நினைத்தேன். யோசித்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"பாத்தீங்கள்ல. ஒரு வார்த்தை கூப்புட்டிருக்கலாம்லண்ணே? நான் ரெண்டு தடவ கூப்புட்டேன், வரமாட்டேன்னுட்டாங்க. போட்டோக்காரர் கூப்புட்டா யாரு மறுக்கப் போறா?"

அது நிஜம். கல்யாணத்தில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. தாலி கட்டுகிற கையை அப்படியே பிடிக்கச் சொல்லுவேன், பிடிப்பார்கள். ஊர்த்தலைவரையே தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறேன், நின்றிருக்கிறார். "அம்மா, மேல வாங்க, பொண்ணு பக்கத்துல நில்லுங்க" என்று நான் சத்தமாகச் சொல்லியிருந்தால், மாமாவே வழிவிட்டிருப்பார். எந்த லென்ஸும் அதற்குத் தேவையில்லை.

கிளம்பும்போது அவள் கேட்டாள்: "அந்த குரூப் போட்டோவ வெட்டாம ஒண்ணு போட்டுக் குடுங்க. கறுப்பு இருந்தா இருக்கட்டும். அம்மா அங்க நிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும்ல."

பெரிதாகப் போட்டுக் கொடுத்தேன். இடது ஓரத்தில் ஸ்டுடியோ பெயரை வைக்கவில்லை.

அந்த வருஷமே இருபத்திநாலு எழுபது வாங்கினேன். மூலை வரை சுத்தமாக வருகிறது. நீயும் அதையே முதலில் வாங்கு. எண்பத்தைந்து வேண்டுமென்றால் என்னுடையதை எடுத்துக்கொள், கெட்ட லென்ஸ் இல்லை. பழைய லென்ஸை ஏன் விற்காமல் பீரோவில் வைத்திருக்கிறீர்கள் என்று தம்பி கேட்டுக்கொண்டே இருக்கிறானே, அவனுக்கும் இதுதான் பதில்.

இப்போதெல்லாம் குரூப் எடுக்குமுன் கேமராவை இறக்கிவிட்டு மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்க்கிறேன். தூணோரம், படியோரம், சமையல்கட்டு வாசல். யாராவது நின்றால் கூப்பிடுகிறேன். சிலர் வருகிறார்கள். சிலர் "வேணாம் தம்பி" என்கிறார்கள். இரண்டாவது தடவையும் கூப்பிடுகிறேன்.